மேற்படி ஆட்டின் சம்மதம்

மனிதருக்கும் விலங்குக்கும் உள்ள உறவைப் பற்றி உலகம் முழுக்க எழுதித் தள்ளியிருக்கிறார்கள். யானையைப் பற்றி எழுதியவர்கள் உண்டு. நாயைப் பற்றி எழுதி நாடு முழுவதையும் அழவைத்தவர்கள் உண்டு. ஆனால் இத்தனை பேரில் ஒருவர்கூட, தான் எழுதிய விலங்கை நாலு பேர் முன்னால் நிறுத்தி, "உனக்குச் சம்மதமா?" என்று கேட்டதில்லை. அந்தப் பெருமையை எங்கள் எருமப்பட்டி வட்டார அறிவு வளர்ச்சிப் பேரவை தட்டிக்கொண்டு வந்தது. அதன் செயலாளர் மாதேஸ்வரன் ஆகிய நான் இதைப் பணிவுடன் பதிவு செய்கிறேன்.

நூலின் பெயர் 'வாலும் வாழ்வும்'. ஆசிரியர், பேரவையின் நிரந்தரத் தலைவர் காளியண்ணன். பெரிய கோழிப்பண்ணைக்கு முதலாளி. லட்சக்கணக்கான கோழிகளை, இறக்கையை விரிக்கிற சிரமம்கூட அவற்றுக்கு இல்லாதபடி கூண்டுக்குள்ளேயே வைத்துக் காப்பாற்றி வருபவர். விலங்குகளைப் பற்றி எழுத அவரைவிட யாருக்குத் தகுதி இருக்கிறது? அவருடைய தீவன ஆலையில் கணக்கு எழுதுவது என் பிழைப்பு. ஆகவே அவருடைய எழுத்து நடையைப் பற்றி நான் நடுநிலையோடு சொல்ல முடியும். ஒப்பற்ற நடை.

கோழிகளுக்கு அந்த நூலில் ஒரே ஒரு பத்திதான். "முட்டை என்பது கோழி மனிதருக்கு எழுதும் அன்புக் கடிதம்" என்று தொடங்கி, அடுத்த வரியிலேயே முடிந்துவிடும். நூலின் உயிர்நாடி ஏழாவது இயலான 'ராசுவும் நானும்'. தாய் செத்துப்போன ஆட்டுக்குட்டி ஒன்றை ஆசிரியர் மடியில் போட்டுக்கொண்டு பால் புட்டியில் ஊட்டியது, அது அவர் கட்டில் காலடியில் தூங்கியது, கோடையில் கோழிக் கொட்டகையில் தூறலாகத் தண்ணீர் தூவும் ஃபாகர் குழாய்க்கடியில் படுத்து அது சுகித்தது, எல்லாம் அதில் வரும். மெய்ப்புப் பார்த்தபோது நான் இரண்டு இடங்களில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

ஒரே ஒரு சின்ன வேறுபாடு. அந்த மடி அங்காளம்மாளுடையது. கட்டிலும் அவளுடையதே.

அங்காளம்மாள் பண்ணையின் மூன்றாவது கொட்டகையில் முட்டை பொறுக்குகிறவள். மகள் யாழினி திருப்பூருக்கு வேலைக்குப் போனதிலிருந்து அவள் வீட்டில் அவளைத் தவிர மூச்சு விடுகிற இன்னோர் உயிர் அந்தக் கிடாக்குட்டிதான். காலையில் கூடவே கொட்டகைக்கு வரும். அங்கேயே ஓர் ஓரத்தில் படுத்திருக்கும். சாயங்காலம் கூடவே போகும். இந்தக் கதையையெல்லாம் அவள் வேலைக்கு நடுவே சொல்லச் சொல்ல, காளியண்ணன் நின்று கேட்டார். பட்டது அவள், கேட்டது அவர், எழுதியதும் அவர். இப்படிச் செய்வதற்கு இலக்கியத்தில் 'அனுபவத்தைப் பொதுமையாக்குதல்' என்று பெயர் என, நூலை வெளியிட வந்த சேலத்துப் பேராசிரியர் முனைவர் வெள்ளியங்கிரி பிறகு விளக்கினார்.

சிக்கல் எங்கே வந்தது என்றால், விருந்தில் வந்தது. வெளியீட்டு விழா முடிந்ததும் மண்டபத்தை ஒட்டிய கருப்பனார் கோயிலில் ராசுவை வெட்டி, வந்தவர்களுக்குக் கறிவிருந்து போடுவதென்று தலைவர் அறிவித்தார். "ஓருயிர் இன்னோர் உயிரில் கலப்பதே அன்பின் எல்லை" என்பது நூலின் கடைசி வரி. அதைத் தத்துவம் என்று நாங்கள் எல்லோரும் வியந்துகொண்டிருந்தபோது சமையல்காரர் மட்டும் சரியாகப் புரிந்துகொண்டு மசாலா அரைக்க ஆள் சொல்லிவிட்டார்.

எங்கள் பக்கத்தில் ஆட்டை வாரத்துக்கு விடுகிற வழக்கம் உண்டு. ஆடு ஒருவருடையது, மேய்த்து வளர்ப்பது இன்னொருவர். பிறக்கிற குட்டிகளில் ஆளுக்குப் பாதி. ராசுவின் தாய், காளியண்ணன் அங்காளம்மாளிடம் வாரத்துக்கு விட்ட ஆடு. அது போட்ட இரண்டு குட்டிகளில் ஒன்றைப் பால்குடி மறப்பதற்குள்ளேயே அவர் பிடித்துக்கொண்டு போய்விட்டார். மிச்சமிருந்தது ராசு. ஊர் வழக்கப்படி அவன் அங்காளம்மாளின் பங்கு. இதை நான் தலைவரிடம் மெதுவாகச் சொன்னேன்.

அவர் கோபிக்கவில்லை. பெரிய மனிதர். புத்தகத்தைப் பிரித்து என் முன்னால் வைத்தார்.

"'என் ஆடு ராசு'ன்னு அச்சாயிருக்குது பாரு. மெய்ப்புப் பாத்தது நீதானே மாதேசு? அன்னைக்கே சொல்றதுக்கென்ன?"

"அப்ப இது இலக்கியம்னு நெனச்சேனுங்கண்ணா. கறின்னு நெனைக்கலீங்க."

"ஐநூறு புத்தகம் அடிச்சாச்சு. இனி என்ன பண்றது?"

நியாயமான கேள்வி. செயற்குழு அவசரமாகக் கூடியது. புத்தகத்தைத் திருத்துவதைவிட ஆட்டைத் திருத்துவது எளிது என்று கண்டறியப்பட்டது. 'மேற்படி ஆடு, நூலில் உள்ளவாறே ஆசிரியருக்குச் சொந்தமானதாகக் கருதப்படும்' என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டோம். அங்காளம்மாளையும் ஒரு வார்த்தை கேட்கலாமே என்று யாருக்கும் தோன்றவில்லை. அவள் பேரவையில் உறுப்பினர் இல்லை.

விழாவுக்கு முந்தின நாள் பண்ணை ஆட்கள் ராசுவை அவிழ்த்துக்கொண்டு வந்துவிட்டார்கள். அங்காளம்மாள் வேலை முடிந்த கையோடு தீவன ஆலைக்கு வந்து என் மேஜை முன்னால் நின்றாள். புடவையெல்லாம் கோழித் தூசி.

"படிச்சவீங்க நீங்க சாமி. அவன் எம்பட பங்குங்க. நீங்க மொதலாளிகிட்ட ஒரு சொல்லு சொல்லோணும்."

எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது. அவள் வளர்த்த விதம் எனக்கு வரிக்கு வரி தெரியும், எழுத்துப் பிழை திருத்தியவன் நான். ஆனாலும் செயலாளர் என்பவர் நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. "அங்காளம்மா, உம்பட ஆடு புத்தகத்துல வந்திருச்சு. ஊர்ல எத்தன ஆட்டுக்கு இது கெடைக்கும்?" என்றேன்.

"புத்தகத்துலயே இருந்துக்கட்டுமுங்க" என்றாள் அங்காளம்மாள். "ஆட்டக் குடுத்துருங்க."

நான் கணக்கைப் பார்க்கத் தொடங்கினேன். அவள் திரும்பிப் போய்விட்டாள்.

மறுநாள் விழா அமர்க்களம். பண்ணை அலுவலகத்தில் வேலை பார்க்கும் ரஞ்சனி வாசலில் நின்று வந்தவர்கள் மேல் பன்னீர் தெளித்தாள். எல்லோரும் தலையை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு, சந்தனம் எடுத்துக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தார்கள். முனைவர் வெள்ளியங்கிரி ஒரு மணி நேரம் பேசினார். நூலில் எருமையைப் பற்றி வரும் இயல் தன்னை உலுக்கிவிட்டதாகச் சொன்னார். நூலில் எருமையே கிடையாது. ஒருவேளை எருமப்பட்டி என்ற பெயரைப் பார்த்து, நூலில் எருமையும் இருக்கும் என்று அவரே முடிவு செய்திருக்கலாம். காளியண்ணன் உட்பட அனைவரும் தலையாட்டி ஆமோதித்தோம்.

பிறகு ராசுவை மேடையேற்றி மாலை போட்டார்கள். அவன் மாலையைத் தின்றான். முதல் பிரதியை அவன் முகத்துக்கு நேரே நீட்டினார்கள். அட்டையில் பாதியையும் தின்றான். அன்றைக்கு அந்த மண்டபத்தில் புத்தகத்துக்குள் இறங்கியது அவன் ஒருவன்தான். பலத்த கைதட்டல்.

அங்கிருந்து ஊர்வலமாகக் கருப்பனார் கோயிலுக்குப் போனோம். எங்கள் கோயில்களில் கிடாவை இழுத்தவுடன் வெட்டிவிட முடியாது. பூசாரி அதன் தலையில் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார். அது தலையை ஆட்டி உடம்பை உதற வேண்டும். உதறினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது, ஆடும் சம்மதித்துவிட்டது என்று அர்த்தம். உதறாவிட்டால் கத்தியைத் தொடக் கூடாது. சாகப்போகிறவனிடம் இவ்வளவு மரியாதையாக அனுமதி கேட்கிற நாகரிகம் வேறெங்கே இருக்கிறது என்று நூலின் ஒன்பதாவது இயல் பெருமிதத்தோடு கேட்கிறது.

கண்ணுசாமி பூசாரி தண்ணீர் தெளித்தார். ராசு கண்ணை மூடினான்.

மறுபடியும் தெளித்தார். ராசு முகத்தைக் கொஞ்சம் மேலே தூக்கிக் கொடுத்தான். ஒரு செம்பை அப்படியே கவிழ்த்தார். எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறவன் மாதிரி, அவன் சொகுசாக அசையாமல் நின்றான். ஒரு குடம் காலியானது. அடுத்த குடம் வந்தது. சமையல்காரர் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து எட்டிப் பார்த்தார். பசி நேரம். பேரவை உறுப்பினர்கள் ஆட்டையே பார்த்தபடி, தாங்களே தலையை ஆட்டி ஆட்டி அதற்குச் சொல்லிக் கொடுத்தார்கள்.

"காதுல ஊதிப் பாருங்க பூசாரி" என்றார் காளியண்ணன்.

"ஊதுனா அது ஊதுனவீங்க உத்தரவுங்க. சாமி உத்தரவில்ல."

முனைவர் வெள்ளியங்கிரி முன்னால் வந்து, மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்று நம் முன்னோர் சொல்லியிருப்பதை நினைவூட்டினார்.

"அது மனுசனுக்குங்க" என்றார் கண்ணுசாமி. "ஆட்டுக்குச் செல்லாதுங்க."

இப்படி உத்தரவு தடைப்பட்டால் அதற்கும் ஒரு முறை இருக்கிறது. கூட்டத்தில் யாருக்கோ மனக்குறை என்று பொருள். அவர் வந்து குறையைச் சொல்லி, அவரைச் சமாதானம் செய்த பிறகுதான் சாமி இறங்கும். பூசாரி சத்தமாகக் கேட்டார். அழைப்பிதழில் தன் படம் சின்னதாகப் போட்டுவிட்டதாக ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரி முதலாளி ஒருவர் ஒப்புக்கொண்டார். அவருக்கு ஒரு பொன்னாடை போர்த்தினோம். ராசு அசையவில்லை. பொருளாளர் தனக்கு மைக் கொடுக்கவில்லை என்றார். கொடுத்தோம். அவர் பேசினார், அப்போதும் ராசு அசையவில்லை.

அப்புறம்தான் எல்லோரும் கோயில் வாசலில் நின்ற அங்காளம்மாளைப் பார்த்தார்கள். காளியண்ணன் தானே போய் அவளைக் கூட்டி வந்தார். செம்பை அவள் கையில் கொடுத்தார். குரலில் அப்படி ஒரு கனிவு.

"மனசாரக் குடுத்தேன்னு ஒரு வார்த்த சொல்லி நீயே தெளி அங்காளம்மா. எல்லாரும் பசியோட நிக்கறாங்க."

அவள் செம்பைக் கீழே வைத்தாள்.

"குடுக்கலீங்க" என்றாள். "இத்தன கொடம் ஊத்தி ஆட்டக் கேக்கறீங்க. என்னைய ஒருத்தரும் கேக்கலீங்களே. கேட்டிருந்தா இல்லீன்னு சொல்லியிருப்பேன்."

அவள் குனிந்து கயிற்றை அவிழ்த்தாள். கண்ணுசாமி கத்தியைத் துணியில் சுற்றி உள்ளே வைத்துவிட்டார். சாமியே மறுத்த கிடாவை மறிக்க எங்கள் ஊரில் எந்த முதலாளிக்கும் துணிச்சல் கிடையாது. ராசு, மிச்சமிருந்த மாலையை மென்றபடி அவள் பின்னால் நடந்து போனான். எனக்கு ஓடிப்போய் அவன் நெற்றியில் ஒரு முத்தம் கொடுக்க வேண்டும் போலிருந்தது. பந்தி பரிமாறுகிற பொறுப்பு இருந்ததால் போகவில்லை.

ஆடு ஏன் உதறவில்லை என்று ஊரே பல நாள் வியந்தது. கருப்பனாரின் மகிமை என்றார்கள். வியக்க ஒன்றுமில்லை. மூன்றாவது கொட்டகையின் ஃபாகர் குழாயில் ஒரு மூட்டு ஒழுகும். அதற்கு நேர் கீழேதான் குட்டியிலிருந்து அவன் படுக்கை. 'தலையில் தண்ணீர் சொட்டச் சொட்ட, என் ராசு கண்மூடிச் சுகிப்பான்' என்று ஏழாவது இயலில் தெளிவாக அச்சாகியிருக்கிறது. புத்தகத்தைப் படித்த யாரும் அவன் தலையில் தண்ணீர் ஊற்றிச் சம்மதம் கேட்க நினைத்திருக்க மாட்டார்கள். வெளியிட்டவர் படிக்கவில்லை, பாராட்டியவர்கள் படிக்கவில்லை. எழுதியவரும் படிக்கவில்லை என்பதுதான் நூலின் தனிச்சிறப்பு.

அரைத்த மசாலா வீணாகவில்லை. கொட்டகையிலிருந்து கோழிகள் வந்தன. கோழிக்குத் தண்ணீர் தெளித்துக் கேட்கிற வழக்கம் இல்லை என்பதால் விருந்து விரைவாக முடிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பேரவையின் பாராட்டுக் கூட்டம். 'ஆட்டுக்கு உயிர்ப்பிச்சை அளித்த எழுத்தாளர்' என்று அதற்குள் பெயர் பரவி, இரண்டாம் பதிப்புக்கு 'நான் தந்த விடுதலை' என்ற புதிய இயலை ஆசிரியர் எழுதி முடித்திருந்தார். வாசலில் வழக்கம்போல ரஞ்சனி பன்னீர் தெளித்தாள். முதல் தீர்மானம், ஆசிரியரின் ஜீவகாருண்யத்தைப் போற்றுவது. இரண்டாவது தீர்மானத்தை நான்தான் வாசித்தேன். பண்ணையின் சுகாதாரம் கருதி, வீட்டில் ஆடு வளர்ப்பவர்கள் கொட்டகையில் வேலைக்கு வரக் கூடாது என்றும், மூன்றாவது கொட்டகைக்கு மேற்படி அங்காளம்மாள் நாளை முதல் வர வேண்டியதில்லை என்றும், பேரவை இதை வரவேற்கிறது என்றும் இருந்தது.

"யாருக்காச்சும் மனக்குறை இருக்குதுங்களா?" என்று கேட்டார் தலைவர்.

கொட்டகையில் அவள் பொறுக்கிய முட்டையைத் தின்றவர்கள் முப்பது பேர் அங்கே உட்கார்ந்திருந்தோம். அவளுடைய தாய்மையைப் படித்துக் கண்ணைத் துடைத்தவன் நான் ஒருவன் இருந்தேன். ராசுவுக்கு இரண்டு குடம் ஊற்றியும் போதவில்லை. எங்களுக்கு வாசலில் தெளித்த ஒரு சொட்டே போதுமானதாக இருந்தது. ஒரு தலை பாக்கியில்லாமல் ஆட்டினோம்.