தள்ளினால் சுற்றும் விசிறி

"ம்ம்ம்ம்" என்று ஒரு முனகல். போர்வைக்குள் இருந்தவருக்கு, மனைவிதான் ஏதோ குறைப்பட்டுக்கொள்கிறாள் என்று தோன்றியது. "சரி, சரி" என்று பழக்கதோஷத்தில் ஒப்புக்கொண்டு புரண்டு படுத்தார். முனகல் நிற்கவில்லை. கழுத்தில் வியர்வை இறங்கிய பிறகுதான், முனகுவது பால்கனியில் இருக்கும் ஏசியின் வெளிப்பெட்டி என்று விளங்கியது.

அவருக்கு இரவெல்லாம் தண்ணீர் ஏற்றும் நிலையத்தில் வேலை. ஊர் விழித்திருக்கும்போது தூங்கவேண்டிய பிழைப்பு. நடுப்பகலில் அறை குளிர்ந்தால்தான் தூக்கம். தூங்கினால்தான் அவர் மனிதர்.

போய்ப் பார்த்தார். பெட்டி அடுப்பாகக் கொதித்தது. உள்ளே விசிறி அசையாமல் நின்றபடி முனகியது.

மெக்கானிக்கைக் கூப்பிடட்டுமா என்று மனைவி கேட்டாள். கூடவே கூடாது என்றார். போன தடவை அந்த ஆள் விளக்கத்தையெல்லாம் அவளிடம் சொல்லிவிட்டு, இவரிடம் டார்ச்சைப் பிடிக்க மட்டும் சொன்னது இன்னும் நெஞ்சில் தைத்துக்கொண்டிருந்தது. இருபது வருடம் மோட்டார்களுக்கு நடுவே உட்கார்ந்தவர் அவர். மீட்டரைப் பார்த்து நோட்டில் எழுதியதோடு சரி என்பது வேறு விஷயம்.

"அவன் வந்தா என் மரியாதை என்ன ஆகறது? நானே பாத்துக்கறேன்."

கைப்பேசியில் நாலு வீடியோ பார்த்தார். அறையின் சூடு வெளிப்பெட்டிக்கு வரும். அதை ஊதி வெளியே தள்ளுவது விசிறியின் வேலை. விசிறி நின்றால் கம்ப்ரஸர் கொதித்துப்போய்த் தானே அணைந்துவிடும். இதுவரை புரிந்தது. விசிறி ஏன் நின்றது என்பதில்தான் தகராறு. ஒருவர் தூசி என்றார். ஒருவர் பேரிங் என்றார். மூன்றாமவர் மோட்டாரே போச்சு என்றார். நாலாமவர், மோட்டார் கிளம்ப முதல் உந்தல் கொடுக்கும் கெப்பாசிட்டர் என்று ஆரம்பித்தபோது இவருக்குத் தலை சுற்றியது. விசிறி மட்டும் சுற்றவில்லை.

எரிச்சலில் ஒட்டடைக்கம்பை வலைக்குள் விட்டு இறக்கையை ஒரு தள்ளு தள்ளினார். விசிறி திடுக்கிட்டு விழித்த மாதிரி கிளம்பிச் சுழன்றது. கண்டுபிடித்துவிட்டார்.

சங்கடம் என்னவென்றால், அறை குளிர்ந்ததும் பெட்டி ஓய்வெடுக்கும். திரும்பக் கிளம்பும்போது இன்னொரு தள்ளு கேட்கும். அரைமணிக்கு ஒருதரம் எழுந்து தள்ளினால் அதற்குப் பெயர் தூக்கமா? கம்பை மனைவியிடம் நீட்டினார். அவள் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டாள். அப்போதே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

"நான் இங்கயே நின்னா, பாத்திரம் யாரு தேய்ப்பா? காய் யாரு நறுக்குவா? துணி யாரு மடிப்பா?"

சாயங்காலம் எழுந்து தானே செய்வதாக ஒப்புக்கொண்டார். தூக்கத்துக்கு முன்னால் பாத்திரம் எம்மாத்திரம்.

இருபது நாள் அப்படிப் போயிற்று. கட்டையாகத் தூங்கினார்; எழுந்து, தேய்த்தார், நறுக்கினார், மடித்தார். குக்கரின் அடிப்பிடித்த இடமெல்லாம் அவருக்கு அத்துப்படியாயிற்று.

ஒரு நாள் நடுப்பகலில் தாகமெடுத்து எழுந்தார். வீட்டில் மனைவி இல்லை. மாடி வீட்டு அக்காவோடு அவள் சிரிக்கும் சத்தம் மேலிருந்து கேட்டது. வெளிப்பெட்டி ஓய்வில் இருந்தது. அடித்துப்பிடித்துக் கம்பைத் தேடினார். கை கம்பைத் தொடுவதற்குள் 'டக்' என்றது. விசிறி தானே கிளம்பிவிட்டது.

கம்பைக் கண்டு பயந்திருக்குமோ? அதை உள்ளே கொண்டுபோய்க் கட்டிலுக்கடியில் ஒளித்தார். அடுத்த தடவையும் கிளம்பியது. தான் பார்ப்பதால்தானோ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்போதும் கிளம்பியது. இருபது நாள் தள்ளியதில் அதற்குப் பழகிப்போயிற்றா? யோசித்து யோசித்து அன்றைய தூக்கம் போனதுதான் மிச்சம்.

சாயங்காலம் மனைவியிடம் கை வலிக்கிறதா என்று பூடகமாகக் கேட்டார். அவள் மணிக்கட்டைத் தடவிக்கொண்டு, வலியைப் பார்த்தால் முடியுமா, அவர் தூக்கம்தானே முக்கியம் என்றாள். அவருக்கு இன்னும் குழம்பியது.

மறுநாள் சாயங்காலம் பால் வாங்கப் போனவர் எதிரே, மாடி வீட்டுக்குப் போக அதே மெக்கானிக் படியேறி வந்தார்.

"என்ன சார், புது கெப்பாசிட்டர் போட்டு இருபது நாளாச்சே. விசிறி ஒழுங்கா சுத்துதா?"

"நீங்க எப்ப வந்தீங்க?"

"நீங்க உள்ள குறட்டை விட்டுட்டிருந்தீங்க சார். சத்தம் வராம வேலை பாக்கச் சொன்னாங்க. இனிமே கம்பெல்லாம் உள்ள விடாதீங்க, இறக்கை உடைஞ்சிரும்."

பாலை மறந்து வீட்டுக்குள் பாய்ந்தார். மனைவி நாற்காலியில் சாய்ந்து வாரப்பத்திரிகை படித்துக்கொண்டிருந்தாள். இருபது நாள் ஏமாற்றினாயே, இது நியாயமா என்று மூச்சு வாங்கக் கேட்டார்.

அவள் பக்கத்தைப் புரட்டினாள்.

"நீங்க முழிச்சிருக்கும்போது அவர் வந்தா உங்க மரியாதை போயிடும். அதான் தூங்கும்போது வரச் சொன்னேன். தூக்கமும் கெடல, மரியாதையும் கெடல. இதுல உங்களுக்கு என்னங்க குறைச்சல்?"

குறைச்சல் இருந்தது. நிச்சயமாக இருந்தது. எங்கே என்றுதான் பிடிபடவில்லை. யோசித்துக்கொண்டே சமையலறைக்குள் போனார். குழாயைத் திறந்தார். ஸ்க்ரப்பரை எடுத்துக் குக்கரின் அடியைத் தேய்க்க ஆரம்பித்தார்.