பார்த்தவர் பொறுப்பு

ஒன்பதாவது வேகனின் சீல் அறுந்து, கம்பியோடு தொங்கிக்கொண்டிருந்தது.

சீல்காரர் அதைப் பார்த்தார். உடனே பார்க்காதது மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு பத்தாவது வேகனுக்குப் போனார். மனசு கேட்கவில்லை. திரும்பி வந்து இன்னொரு தடவை பார்த்தார். சீல் அப்படியேதான் தொங்கியது.

சரக்கு யார்டில் அவருக்கு அதுதான் வேலை. தினமும் காலை ஏழு மணிக்கு, நிற்கிற வேகன் ஒவ்வொன்றின் கதவிலும் சீல் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, அதன் எண்ணை ரெஜிஸ்டரில் எழுத வேண்டும். முந்தாநாள் வந்து நின்ற இந்தப் பதினோரு வேகன்களுக்கும் அவரேதான் எழுதினார். நேற்று ஒரே ஒரு நாள் அவருக்கு வார விடுமுறை.

அக்கம் பக்கம் பார்த்துவிட்டுக் கதவை ஒரு சாண் தள்ளி, உள்ளே எட்டிப் பார்த்தார். மற்ற பத்தையும் போலவே தரையிலிருந்து கூரைவரை சோப்புப் பெட்டிகள் அடுக்கி வந்த வேகன். இப்போது உள்ளே வாசனை மட்டும் இருந்தது.

கதவை மெல்லப் பழையபடி இழுத்து மூடினார்.

முன்பு இந்த வேலையில் இருந்தவரும் இப்படித்தான் ஒரு நாள் காலையில் ஒரு சீல் அறுந்திருப்பதைப் பார்த்தார். நல்ல மனிதர், போய்ச் சொல்லிவிட்டார். அன்றைக்கே சஸ்பெண்ட். அந்த வாரமே குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொன்னார்கள். விசாரணை ஏழு வருஷமாக நடக்கிறது. திருடனைப் பிடித்தபாடும் இல்லை, அவரை விட்டபாடும் இல்லை. அதற்குப் பிறகு அந்த யார்டில் யாரும் எதையும் பார்ப்பதில்லை.

சீல்காரருக்கு இரண்டு பெண்கள். மூத்தவளுக்கு அடுத்த மாதம் பரீட்சை. சின்னவளுக்கு மூச்சிரைப்பு, குவார்ட்டர்ஸுக்கு எதிரிலேயே இருக்கும் ஆஸ்பத்திரியை நம்பித்தான் அந்த வீட்டில் எல்லோரும் தூங்குகிறார்கள். அந்த வீடு போனால் என்ன ஆகும்?

யாரையாவது விசாரிக்கலாம். ஆனால் விசாரித்தால் பார்த்ததாக ஆகிவிடும். சரக்குக் காவல் படையின் ஏட்டு, நிழலில் நாற்காலி போட்டுப் பல் குத்திக்கொண்டிருந்தார். சீல்காரர் அவரிடம் போய் நின்றார்.

"ஏட்டையா, சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். சரக்கு களவு போகாம பாத்துக்கறது யாரு பொறுப்பு?"

ஏட்டு பல் குத்துவதை நிறுத்தினார். "எந்த வண்டியில போச்சு?"

"எந்த வண்டியிலயும் இல்லீங்க. பேச்சுக்கு."

"ஓடற வண்டின்னா நான். நிக்கற வண்டின்னா யார்டு மாஸ்டர்."

"அவரைக் கேட்டா, தண்டவாளம் களவு போனாத்தான் நான்னு சொல்றாரே."

"அப்ப சரக்கு அனுப்பின கம்பெனிக்காரன்."

"சீல் வெச்சு ஒப்படைச்சதோட எங்க வேலை முடிஞ்சுதுங்கறான்."

"அப்ப யாரு முதல்ல பார்த்தாரோ அவர்தான். பார்த்தவர் எழுதித் தரணும். எழுதித் தந்தவரைத்தான் நாங்க முதல்ல விசாரிப்போம்."

"அவரை எதுக்குங்க?"

"வேற யார் பேரும் எங்ககிட்ட இருக்காதே!" ஏட்டு அவரை மேலும் கீழும் பார்த்தார். "ஆமா, நீங்க எதையாச்சும் பார்த்தீங்களா?"

"நானா? எனக்குக் கண்ணே கொஞ்ச நாளா சரியில்ல ஏட்டையா."

சொல்லிவிட்டு அவர் நடந்த நடையை ஓட்டம் என்றுதான் சொல்ல வேண்டும். நேராக ஒன்பதாவது வேகனுக்குப் போனார். பையில் புது சீல்கள் ஒரு டஜன் இருந்தன. ஒன்றை எடுத்துக் கதவில் மாட்டி, இடுக்கியால் அழுத்தினார். ரெஜிஸ்டரில் பழைய எண்ணை அடித்துப் புது எண்ணை எழுதினார். அவசரத்தில் ஏழு என்பது ஒன்பது போல விழுந்தது. போகட்டும். சீல் இருக்கிறது, எண் இருக்கிறது. இனி வண்டி போய்ச் சேருகிற ஊரில் எவன் திறக்கிறானோ அவன் பார்க்கட்டும். பாவம், யார் பெற்ற பிள்ளையோ என்று அவனுக்காகவும் ஒரு நொடி வருத்தப்பட்டார்.

நிமிர்ந்தால் யார்டு மாஸ்டர்.

"சீல்காரரே, எல்லாம் சரியா இருக்கா? பதினோரு மணிக்கு மேலதிகாரி வர்றாரு. களவு ஜாஸ்தியா இருக்காம், ஒவ்வொரு யார்டா போய்ப் பாக்கறாரு. இந்த வேகன் எல்லாத்தையும் எடைமேடையில ஏத்தப் போறோம்."

"எடையா? எதுக்குங்க எடை? சீல்தான் இருக்கே!"

"சீலை எடை போடல, சரக்கை. ஏன் இப்படி வேர்க்குது உங்களுக்கு?"

"வெயில்."

"எட்டு மணிக்கா?" என்று கேட்டுவிட்டு யார்டு மாஸ்டர் போய்விட்டார்.

சீல்காரர் அங்கேயே ஒரு தண்டவாளத்தின் மேல் உட்கார்ந்தார். காலி வேகன் எடைமேடையில் ஏறுகிற காட்சி கண்முன் வந்தது. அதன் கதவில் அவர் போட்ட புது சீல். ரெஜிஸ்டரில் அவர் கையெழுத்து. சும்மா இருந்திருந்தால் பார்க்காத குற்றம்தான். இப்போது மறைத்த குற்றம்.

அந்த நேரம் பார்த்து மனைவியிடமிருந்து போன்.

"சாப்பாட்டு டப்பாவை வெச்சுட்டுப் போயிட்டீங்களே, கொடுத்தனுப்பட்டுமா?"

"வேண்டாம். வீட்டுல சாமானெல்லாம் எத்தனை இருக்கும்? ஒரு வண்டியில அடங்குமா?"

"என்ன கேக்கறீங்க நீங்க?"

"ஒண்ணுமில்ல, வை."

அதே யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன் அவருடைய மச்சினன். எதற்கும் பயப்படாதவன் என்று அக்கா வீட்டில் பேர் வாங்கியவன். சீல்காரர் அவனை ஒரு மூலைக்கு இழுத்துப் போய், காதோடு காதாக எல்லாவற்றையும் கொட்டினார்.

"இதுக்கா மாமா இப்படி வெளுத்துப் போயிட்டீங்க? காலியா இருந்தாத்தானே கேள்வி? கொஞ்சம் குறைவா இருந்தா அது எல்லா ஊர்லயும் வழக்கம்தான். மத்த வேகன் பத்துலயும் ஒவ்வோர் அடுக்கு எடுப்போம். எல்லாத்தையும் ஒன்பதாவதுல வெச்சுடுவோம். எந்த வேகன்லயும் குறைஞ்சது தெரியாது."

"டேய், மத்த பத்துக்கும் சீல் இருக்குடா."

"உடைச்சுட்டுப் புதுசு போடுங்க. அதானே உங்க வேலை?"

வேண்டாம் என்று சொல்லத்தான் சீல்காரர் வாயைத் திறந்தார். சின்னவள் மூச்சுக்குத் திணறிக்கொண்டு மடியில் சாய்கிற முகம் ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டார்.

இப்படியாக, ஒரு சீல் அறுந்ததை மறைக்கப் பத்து சீல்களை அவரே அறுத்தார். காலையில் தான் போட்ட புது சீலையும் சேர்த்தால் பதினொன்று. ஒவ்வொரு கம்பியும் 'டக்' என்று அறும்போது அவருக்கு உயிர் ஒரு தடவை போய் வந்தது. மச்சினனோ சோப்பு அடுக்குகளைத் தூக்கிக்கொண்டு, பாட்டுப் பாடாத குறையாக இங்குமங்கும் வண்டி ஓட்டினான்.

யார்டில் நாற்பது பேர் இருந்தார்கள். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. பட்டப்பகலில், கையில் ரெஜிஸ்டரோடு செய்கிற எந்தக் காரியத்தையும் உலகத்தில் யாரும் கேள்வி கேட்பதில்லை என்பது சீல்காரருக்கு அன்றுதான் தெரிந்தது. இத்தனை வருஷம் இது தெரியாமல் ஒழுங்காக இருந்துவிட்டோமே என்றுகூட ஒரு கணம் தோன்றியது. உடனே அந்த எண்ணத்துக்காகவும் பயந்தார்.

ஐந்தாவது வேகனைத் திறக்கும்போது, முதுகுக்குப் பின்னால் பூட்ஸ் சத்தம். ஏட்டு!

சீல்காரர் கையிலிருந்த இடுக்கி கீழே விழுந்தது. முடிந்தது கதை. விலங்கு மாட்ட வசதியாக இரண்டு கைகளையும் சேர்த்தே வைத்துக்கொண்டார்.

"கதவு இறுகியிருக்கு போல. தள்ளுங்க," என்று ஏட்டு தோளைக் கொடுத்துக் கதவைத் திறந்துவிட்டார். "நிக்கற வண்டி என் பொறுப்பு இல்ல. இருந்தாலும் தெரிஞ்ச மனுஷனாச்சேன்னு பாக்கறேன்." பிறகு மூக்கை உறிஞ்சினார். "என்ன சீல்காரரே, இன்னிக்கு ஜம்முனு மணக்கறீங்க?"

"குளிச்சேன்."

"நல்ல பழக்கம்," என்று சொல்லிவிட்டு ஏட்டு நாற்காலிக்குத் திரும்பினார்.

பத்தேமுக்காலுக்குக் கடைசி சீலையும் அழுத்தி முடித்தார். பையில் ஒன்றுகூட மிச்சமில்லை. ரெஜிஸ்டரில் அந்தப் பக்கம் முழுக்க அடித்தலும் திருத்தலுமாகக் கிடந்தது. அதன்மேல் தண்ணீரைக் கொட்டி, தவறி விழுந்ததாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று முடிவு செய்து, அதையும் செய்தார்.

மேலதிகாரி வந்தார். வேகன்கள் ஒவ்வொன்றாக எடைமேடையில் ஏறி இறங்கின. ஒவ்வொரு எண்ணையும் யார்டு மாஸ்டர் உரக்கப் படிக்கப் படிக்க, சீல்காரர் மச்சினனின் சட்டையைப் பின்னாலிருந்து இறுகப் பிடித்துக்கொண்டார். ஒன்பதாவது ஏறியது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"கொஞ்சம் குறைவுதான். ஆனா பரவால்ல," என்றது யார்டு மாஸ்டரின் குரல்.

சீல்காரருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வீடு தப்பியது. பிள்ளைகள் தப்பினார்கள். மச்சினன் மெதுவாக, "மாமா, சட்டை கிழியுது," என்றான்.

மேலதிகாரி எல்லோரையும் எடைமேடைக்குப் பக்கத்தில் கூப்பிட்டு நிறுத்தினார்.

"இதுவரைக்கும் ஆறு யார்டு பார்த்தேன். எல்லா இடத்துலயும் ஒரு வேகனாவது காலி. இங்க எல்லாத்துலயும் சரக்கு இருக்கு. எல்லா சீலும் பளபளன்னு இருக்கு. சீல் பாக்கறவர் யாரு?"

நாற்பது கைகள் சீல்காரரைக் காட்டின.

"களவைத் தடுக்கறது யாரு பொறுப்புன்னு ஆளாளுக்குக் கையை விரிக்கறாங்க. இன்னியோட அது முடிஞ்சுது. இனிமே இந்த யார்டுல சரக்குக்கு இவர்தான் பொறுப்பு. ஒரு பெட்டி தொலைஞ்சாலும் சரி, இருந்த இடத்தை விட்டு நகர்ந்தாலும் சரி, கேள்வி இவர்கிட்ட மட்டும்தான். இன்னிக்கே எழுதிக் கையெழுத்துப் போட்டுடறேன்."

போட்டும்விட்டார். ஏட்டு முதல் ஆளாகக் கை தட்டினார். யார்டு மாஸ்டரின் முகத்தில், பத்து வருஷச் சுமையை இறக்கி வைத்த நிம்மதி. சீல்காரருக்கும் பயம் மெல்ல விலகி, இத்தனை நேரம் நிமிராத முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது. எடைச்சீட்டு மேலதிகாரியின் கையில் காற்றில் படபடத்தது.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு, மூச்சு வாங்க வந்து சேர்ந்தார் சுமை இறக்கும் ஆட்களின் மேஸ்திரி.

"மன்னிக்கணுங்க, யாரும் ஒன்பதாவது வேகனைப் பாத்துப் பதறிடலையே? அது இந்த ஊர்ச் சரக்கு, நேத்து சாயங்காலமே முழுசா இறக்கி, வாங்கின கம்பெனிக்காரன்கிட்ட கையெழுத்தும் வாங்கிட்டோம், கதவுல 'காலி'ன்னு எழுதத்தான் சாக்பீஸ் இல்லாம போச்சு, இதோ வாங்கிட்டு வந்துட்டேன்!"