ஒன்றியக் குளிரூட்டி

ஒரு வீட்டுக்குள் குளிர்காற்று எங்கிருந்து வருகிறது என்று விருந்தாளிக்குத் தெரியக் கூடாது. தெரிந்துவிட்டால் அது சாதாரண வீடு. பெருமாநல்லூருக்கு வடக்கே செங்காட்டுப்பாளையத்தில், பனியன் கம்பெனி முதலாளிகள் வரிசையாக வீடு கட்டியிருக்கும் எங்கள் தெருவில் இப்போது இதுதான் சட்டம். சுவரில் பெட்டியை மாட்டி அதன் வாயிலிருந்து காற்று வாங்கியவர்கள் எல்லாம் ஒரே வருஷத்தில் மதிப்பிழந்து போனார்கள். மொட்டை மாடியில் ஒரே ஒரு இயந்திரம், கூரைக்குள் எருமை நுழையும் அளவுக்குத் தகரக் குழாய், அறைக்கு அறை மேலே ஒரு சல்லடை. இதற்கு சென்ட்ரல் ஏசி என்று பெயர்.

ஏற்றுமதி கம்பெனி கிட்டுசாமி இதை வைத்ததற்கு வெயில் காரணமில்லை. மகள் அனுப்பிரியாவின் கல்யாணம் காரணம். மாப்பிள்ளை உடுமலைப்பேட்டைப் பக்கம். அவர்கள் வீட்டில் சென்ட்ரல் ஏசி இருப்பதாகத் தரகர் போகிற போக்கில் சொல்லிவிட்டார். சித்திரைக் கடைசியில் உப்புச் சர்க்கரை மாற்றி நிச்சயம் செய்துகொள்ள அவர்கள் வரும்போது, தன் ஹாலில் யாருக்காவது வியர்த்தால் சம்பந்தம் நிலைக்குமா என்று கிட்டுசாமிக்குப் பயம் வந்துவிட்டது. பயந்த மனிதன் செய்யாத செலவு உண்டா?

குளிர் வெளியே போய்விடக் கூடாது என்பதற்காக ஜன்னல்களை எல்லாம் திறக்கவே முடியாத கண்ணாடியாக வைத்தார். "ஏனுங்க, ஒண்ணே ஒண்ணாச்சும் தெறக்கற மாதிரி வெக்கலாமுங்களே" என்று அவர் மனைவி வள்ளியாத்தாள் கேட்டுப் பார்த்தாள். ஜன்னலைத் திறப்பது சுவரில் பெட்டி மாட்டுகிறவர்களின் பழக்கம் என்று அவளுக்கு விளக்கப்பட்டது.

இயந்திரத்தைப் பொருத்திய மெக்கானிக் போகும்போது ஒரே ஒரு விஷயம் சொல்லிவிட்டுப் போனார். "இந்தச் சல்லடைக்குப் பின்னால பில்டர் இருக்குதுங்க. இங்க காத்துல பஞ்சு ஜாஸ்தி. அப்பப்ப கழட்டி, ஒரு பக்கெட் தண்ணியில அலசி, காய வெச்சு மாட்டிருங்க. வேற ஒண்ணுமே வேண்டாமுங்க."

வேறு ஒன்றுமே வேண்டாம் என்பதைத்தான் கிட்டுசாமியால் நம்ப முடியவில்லை. அவர் குறையல்ல அது, திருப்பூரின் குறை. துணி வாங்கும் வெளிநாட்டு பையர்களின் ஆடிட்டுக்குப் பயந்தே பிழைத்து வந்தவர் அவர். அவர் கம்பெனியில் குடிதண்ணீருக்கு ஒரு சான்றிதழ், கழிப்பறைக்கு ஒன்று, தையல் ஊசி உடைந்தால் உடைந்த துண்டுகள் அத்தனையும் கிடைத்துவிட்டன என்பதற்கு ஒன்று. சுவரில் சான்றிதழ் தொங்காத எதுவும் உலகத்தில் ஒழுங்காக ஓடாது என்பது அவர் ரத்தத்தில் ஊறியிருந்தது. ஏசி நன்றாகத்தான் ஓடியது. ஆனால் சுவரில் ஒன்றும் தொங்கவில்லையே.

எனவே, யாரும் கேட்காமலேயே, அவர் குளிர்சாதனங்கள் நெறிமுறை வாரியத்துக்குப் போனார். அப்படி ஒரு வாரியம் இருந்தது. அதில் ஆறுச்சாமி என்று ஓர் உதவியாளரும் இருந்தார். பல வருஷங்களில் அங்கே தானாக வந்து நின்ற முதல் மனிதர் கிட்டுசாமிதான்.

"என்ன வேணுமுங்க?"

"ஊட்டு ஏசிக்கு ஒரு சர்டிபிகேட்டுங்க. நல்லா இருக்குதுன்னு."

"நல்லா இருக்குதுங்களா?"

"நெம்ப நல்லா இருக்குதுங்க."

"அப்பறம் எதுக்குங்க சர்டிபிகேட்டு?"

"நான் சொன்னா ஆருங்க நம்புவாங்க?"

ஆறுச்சாமி எழுந்து நின்று அவருக்கு நாற்காலி போட்டார். இப்படிப்பட்ட குடிமகனுக்காகத்தான் வாரியமே படைக்கப்பட்டது. விண்ணப்பத்தை வாங்கிப் படித்தார். பொருள்: மத்தியக் குளிரூட்டிக்குச் சான்று வழங்கக் கோருதல். படித்ததும் அவர் முகம் மாறியது.

"மத்தியன்னு எழுதியிருக்கறீங்களே. அந்தச் சொல்லு இப்ப இங்க புழக்கத்துல இல்லீங்க. ஒன்றியம்னுதான் எழுதோணும்."

"அது கவர்மெண்ட்டுக்குத்தானுங்களே? இது ஏசிங்க."

"சொல்லுக்குக் கவர்மெண்ட்டு, ஏசின்னு வித்தியாசம் தெரியாதுங்க. நாளைக்கு மேல இருந்து கேட்டா நாந்தானுங்க பதில் சொல்லோணும்."

மத்திய என்பது அடிக்கப்பட்டு ஒன்றியம் எழுதப்பட்டது. பக்கத்தில் கிட்டுசாமி சுருக்கொப்பம் வைத்தார். ஒன்றியக் குளிரூட்டி. படிக்கும்போது கம்பீரமாகத்தான் இருந்தது.

இனி நடந்ததில் ஒருவர் மேலும் தப்புச் சொல்ல முடியாது. பொருளில் எந்த அலுவலகத்தின் பெயர் இருக்கிறதோ அந்த அலுவலகத்துக்குத் தபாலை அனுப்ப வேண்டும் என்பது விதி. பொருளில் ஒன்றியம் இருந்தது. ஆகவே கோப்பு ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக்குப் போனது. அங்கே அதிகாரி தமிழ்மதி அதைப் பிரித்தார். ஒன்றியக் குளிரூட்டி, இருப்பிடம் கிட்டுசாமி இல்லம் என்று இருந்தது. ஒன்றியத்தின் குளிரூட்டி ஒரு தனியார் வீட்டு மாடியில் ஏன் இருக்கிறது? ஒன்று, இந்த ஆள் அதைத் திருடியிருக்க வேண்டும். அல்லது பத்திரமாக வைத்திருந்து தகவல் தெரிவித்திருக்க வேண்டும். தமிழ்மதி இரக்க குணம் உள்ளவர். இரண்டாவதையே எடுத்துக்கொண்டு நேரில் வந்து நன்றி சொன்னார்.

"மேடம், இது என்ர ஊட்டு ஏசிங்க" என்றார் கிட்டுசாமி.

"வீடு உங்களுதுதாங்க. அதுல நாங்க தலையிட மாட்டோம். ஏசி ஒன்றியத்தோடது. நீங்களே திருத்திக் கையெழுத்துப் போட்டிருக்கீங்களே."

"அது ஆறுச்சாமி சொன்னாருங்க."

"ஒரு அரசு ஊழியர் சொன்னா அது சரியாத்தானுங்க இருக்கும்."

மறுநாள் கேட்டில் நீல நிறப் பலகை ஏறியது: ஒன்றியக் குளிரூட்டி. பொதுமக்கள் பயன்பாட்டிற்கு. எச்சில் துப்பாதீர். காவலுக்கு ஒரு காக்கிச் சட்டைக்காரரும் நியமிக்கப்பட்டார். சித்திரை வெயில், கேட்க வேண்டுமா? மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு டெய்லர்கள் வந்தார்கள். ஒடிசாவிலிருந்து வந்து நிட்டிங் மெஷின் ஓட்டும் பையன்கள் வந்து, சோபாவைக் கெடுக்கக் கூடாதென்று தரையில் வரிசையாகப் படுத்துக்கொண்டார்கள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் பஸ்ஸை விட்டுவிட்டு வந்தார்கள். வந்தவர்கள் அத்தனை பேரும் சட்டையில் கொஞ்சம், தலையில் கொஞ்சம் பஞ்சு கொண்டுவந்தார்கள். நிச்சயத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது சல்லடையிலிருந்து காற்று வருவது நின்றுபோயிற்று.

கிட்டுசாமி ஏணி போட்டு ஏறினார். காக்கிச் சட்டைக்காரர் காலைப் பிடித்துக்கொண்டார். "கை வெக்காதீங்க சாமி. பொதுச் சொத்தைச் சேதப்படுத்துனதா எழுதிருவாங்க. எனக்குப் பாவமா இருக்குதுங்க."

ஒன்றிய அலுவலகத்துக்கு ஓடினார்.

"பில்டரைக் கழுவோணுமுங்க மேடம். ஒரு பக்கெட் தண்ணி போதும். தண்ணியும் என்ர ஊட்டுத் தண்ணிதானுங்க."

"கழுவலாங்க. ஆனா அதுல பஞ்சு இருக்கே?"

"அதுக்குத்தானுங்க கழுவறது."

"ஒன்றியக் குளிரூட்டியில சேர்ந்த பஞ்சு ஒன்றியத்தோட பஞ்சு. திருப்பூர்ல பஞ்சு வேஸ்ட்டுக்கு வெல இருக்குன்னு உங்களுக்குத் தெரியாததா? ஏலம் விடாம அலசி சாக்கடையில விட்டா நாளைக்கு ஆடிட்ல கேப்பாங்க."

ஆடிட் என்றதும் கிட்டுசாமியின் முதுகு தானாக வளைந்தது. "அப்ப ஏலம் விட்டுருங்க."

"விடலாங்க. எத்தனை கிலோன்னு அறிவிப்புல போடணும். எடை தெரியணும்னா கழட்டணும். ஏலம் முடியாம கழட்ட முடியாது." தமிழ்மதி உண்மையிலேயே வருந்தினார். "இருந்தாலும் ஆவன செய்யப்படும். நீங்க போங்க."

நிச்சய நாள் வந்தது. ஆவன செய்யப்பட்டுக்கொண்டே இருந்தது. வெளியே பந்தல் போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். சென்ட்ரல் ஏசி வீட்டுக்காரர் வாசலில் பந்தல் போட்டால் அதைவிடக் கேவலம் ஏது? பொதுமக்கள் மட்டும் அன்றைக்குப் பெருந்தன்மையாக ஹாலைக் காலி செய்துவிட்டு, கல்யாணப் பேச்சைக் கேட்பதற்காக வராந்தாவில் நின்றார்கள்.

மாப்பிள்ளையின் அப்பா மகுடேஸ்வரன் பட்டுச் சட்டையில் வந்து நடு சோபாவில் உட்கார்ந்தார். காற்று இல்லை. திறக்கிற ஜன்னல் இல்லை. கொஞ்ச நேரத்தில் பட்டுச் சட்டை முதுகோடு ஒட்டியது. சென்ட்ரல் ஏசி உள்ள வீட்டில் வியர்க்கிறது என்று சொல்வது மரியாதை இல்லையே. மாப்பிள்ளையின் சித்தி தாம்பூலத் தட்டை எடுத்து விசிறிக்கொள்ளப் போய், சுதாரித்து, அதில் இருந்த வெற்றிலையை எண்ணுவது போலப் பாவனை செய்தாள். மகள் வாழ்க்கை ஒரு பிடி பஞ்சில் மாட்டிக்கொண்டதே என்று கிட்டுசாமிக்கு அழுகையே வந்துவிட்டது.

அனுப்பிரியா மோர் கொண்டுவந்தாள். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாத பெண். "மாமா, ஏசி ஓடலீங்க. பில்டர்ல பஞ்சு. கழுவக் கூடாதுன்னு ஒன்றியத்துல சொல்லிட்டாங்க" என்றாள்.

மகுடேஸ்வரன் மோரைக் குடித்தார். எழுந்து வாசலுக்குப் போனார். கேட்டில் இருந்த பலகையை மேலிருந்து கீழாகப் படித்தார். கார் ஏறப்போகிறார் என்று நினைத்து வள்ளியாத்தாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கிட்டுசாமி பின்னாலேயே ஓடினார்.

மகுடேஸ்வரன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "என்ர ஊட்லயும் ஓடறதில்லீங்க. போன வருஷமே நின்னு போச்சு. குழாய்க்குள்ள எலி கூடு கட்டிக்கிச்சு. ஆரு ஏறிப் பாக்கறதுன்னு அப்படியே உட்டுட்டோம். வர்றவங்ககிட்ட என்னத்தச் சொல்றதுன்னு ராத்திரியெல்லாம் தூக்கமில்லீங்க." பலகையைத் தொட்டுப் பார்த்தார். "இது இருந்தா கவர்மெண்ட்டுத்தான் கெடுத்துதுன்னு சொல்லிக்கலாமுங்களே. இந்த மாதிரி எனக்கும் ஒண்ணு வாங்கிக் குடுங்க, சம்பந்தி."

சம்பந்தி என்று சொல்லிவிட்டார். உப்பும் சர்க்கரையும் அந்தப் புழுக்கத்திலேயே மாறின. கல்யாணமும் நன்றாக நடந்தது.

இப்போது எங்கள் தெருவில் பலகை இல்லாத பங்களாவே இல்லை. மத்திய என்பதை அடித்து ஒன்றியம் எழுதித் தருவதற்கு ஆறுச்சாமியிடம் வரிசை நிற்கிறது. எந்த வீட்டிலும் ஏசி ஓடுவதில்லை. சாயங்காலம் ஆனால் முதலாளிகள் எல்லாரும் தெருவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இந்த நாட்டில் ஒரு பில்டரைக் கூடக் கழுவ விடமாட்டேன் என்கிறார்களே என்று மனதாரத் திட்டுகிறார்கள். திட்டத் திட்ட உடம்புக்குக் குளிர்ச்சியாக இருக்கிறது என்றும் சொல்கிறார்கள். போன வாரம் தமிழ்மதி ஒரு விசேஷ உத்தரவோடு வந்து, யார் வேண்டுமானாலும் அவரவர் பில்டரைக் கழுவிக்கொள்ளலாம், ஏலம் தேவையில்லை என்று அறிவித்தார். தெருவே திரண்டு அவரை எதிர்த்து மனுக் கொடுத்தது. கிட்டுசாமிதான் முதல் கையெழுத்து.

என் வீட்டில் சென்ட்ரல் ஏசி இல்லை. மின்விசிறிதான். அதன் றெக்கையில் விரல் கனத்துக்குப் பஞ்சு. துடைக்கச் சொல்லி வீட்டில் தினமும் தொந்தரவு. ஒன்றிய மின்விசிறி என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். இனி யாராவது கேட்டால், உரிய நடவடிக்கை மேற்கொள்ளப்பட்டு வருகிறது.