கயிறு பிடித்த கன்னியப்பன்

கன்னியப்பனுக்கு வலது தோள் வலித்தது. உண்மையில் வலிக்கவில்லை. வலிப்பதாகச் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்து, வாரம் முழுக்கத் தோளைத் தடவிக்கொண்டே திரிந்ததில் லேசாக வலிக்கவே ஆரம்பித்துவிட்டது.

காரணம் பெத்தாங். பிரெஞ்சுக்காரன் கப்பலேறும்போது கொடியைச் சுருட்டிக்கொண்டு போனான். இந்த விளையாட்டை மட்டும் புதுச்சேரிக்கு விட்டுவிட்டுப் போய்விட்டான். மணலில் ஒரு சின்னக் கட்டை உருண்டையை எறிவார்கள். அதற்குக் கிட்டத்தில் யாருடைய இரும்புக் குண்டு கிடக்கிறதோ அவர்களுக்கு வெற்றி. இவ்வளவுதான் விளையாட்டு. இதற்கு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வேண்டும்.

கன்னியப்பனின் மேலதிகாரி கலியபெருமாள் சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்து வந்தவர். பிரெஞ்சில் ஐயாவுக்கு முசியே என்பார்கள், ஆபீசில் எல்லோருக்கும் அவர் முசியே. போன வருடம் ஒரு சனிக்கிழமை, "நாளைக்குப் பெத்தாங் ஆட வர்றியா? உனக்குப் பிடிக்குமில்ல?" என்று கேட்டார். மேலதிகாரி கேட்டால் பிடிக்காமல் இருக்குமா? "ரொம்பப் பிடிக்கும், முசியே" என்று பல்லைக் காட்டினார் கன்னியப்பன். அன்றோடு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

அவருக்கு உண்மையில் பிடித்தது ஒன்றே ஒன்று. வாரத்தில் ஒருநாள் வீட்டில் மல்லாந்து கிடப்பது. கிடந்தபடி காப்பி கேட்பது, கொஞ்சம் பொறுத்து வடை கேட்பது, நடுவில் தலைக்கு எண்ணெய் வைக்கச் சொல்வது.

தோளைப் பிடித்துக்கொண்டு போய் நின்றதும் முசியே இரக்கப்பட்டார். குண்டு எறிய வேண்டாம், கயிறு பிடித்து எது கிட்டம் என்று அளந்து சொன்னால் போதும் என்றார்.

அது இன்னும் மோசம். எறிகிறவனாவது முறை வரும்வரை மரநிழலில் நிற்கலாம். அளக்கிறவன் வெயிலில் குந்திக் குந்தி எழ வேண்டும். சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது முழங்கால் இரண்டும் அவர் சொன்னபடி கேட்கவில்லை. மனைவி அஞ்சலாட்சி ஒத்தடம் கொடுத்தாள். இனிமேல் போகப்போவதில்லை என்று முனகினார். மேலதிகாரியைப் பகைத்துக்கொள்ளலாமா என்று அவள் பக்குவமாக எடுத்துச் சொன்னாள். அடுத்த ஞாயிறு விடியுமுன்னே எழுப்பியும் விட்டாள்.

தானாக நிற்க முடியாது, அவர்களே துரத்திவிட்டால்? அன்று முதலியார்பேட்டைக்காரர்களோடு ஆட்டம். முசியேயின் கடைசிக் குண்டுதான் மற்ற எல்லாவற்றையும்விடக் கட்டைக்குக் கிட்டத்தில் கிடந்தது. கன்னியப்பன் கயிற்றை வைத்து ஆற அமர அளந்தார்.

"முதலியார்பேட்டைதான் கிட்ட" என்றார்.

கூச்சல் கிளம்பும், கயிறு பறிபோகும், போய்ப் படுக்கலாம் என்று காத்திருந்தார். முசியே மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றுவிட்டார். மறுத்துச் சொல்ல முதலியார்பேட்டைக்காரர்களுக்கு என்ன பைத்தியமா? சொந்த அதிகாரிக்கே எதிராகத் தீர்ப்புச் சொன்ன நியாயஸ்தன் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தார்கள். முத்தியால்பேட்டையிலிருந்தும் ஆள் வந்தது. கன்னியப்பன் கயிறு பிடித்தால்தான் ஆடுவோம் என்றார்கள். காலையில் ஓர் ஆட்டம், மாலையில் ஓர் ஆட்டம் என்று ஆயிற்று. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

பாவம், மனிதர் இளைத்துப்போனார். ஆபீஸ் நாற்காலியிலேயே கண் சொருகியது. கடைசியில் ஒரு ஞாயிறு காலை, அளக்கக் குந்தியவர் எழ முடியாமல் மணலிலேயே உட்கார்ந்துவிட்டார். எழுந்துதான் என்ன ஆகப்போகிறது என்று தோன்றியது. தனக்கு எது பிடிக்கும் என்று தனக்கே தெரிந்தும், அதை வாய்விட்டுச் சொல்ல இத்தனை நாள் தைரியம் இல்லையே. அந்த வெட்கம் முழங்காலைவிட அதிகமாக வலித்தது.

"முசியே, எனக்கு இந்த வெளையாட்டு பிடிக்கல. மொத நாளே பிடிக்கல. ஞாயித்துக்கெழம வூட்டுல படுத்துக் கெடக்கறதுதான் எனக்குப் பிடிக்கும்."

முசியே அவரை ஏற இறங்கப் பார்த்தார். கோபம் இல்லை, ஏதோ கவலைதான் தெரிந்தது.

"நல்லா யோசிச்சுத்தான் சொல்றியா?"

"ஆமாம், முசியே."

"அப்ப நான் இன்னா பண்ண முடியும், போ" என்று கயிற்றை வாங்கிக்கொண்டார்.

இவ்வளவுதானா! கன்னியப்பனுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஒரு வார்த்தையில் முடிகிற காரியத்துக்கு ஒரு வருடத்தைத் தொலைத்தோமே என்று தன்னையே நொந்துகொண்டு வீட்டுக்கு வந்தார்.

அடுப்பு மூட்டியிருக்கவில்லை. கூடத்தில் பாயை விரித்து அஞ்சலாட்சி படுத்திருந்தாள். பக்கத்தில் கடையில் வாங்கிய இட்லிப் பொட்டலம். பகலில் அவள் படுத்து அவர் பார்த்ததே இல்லை. உடம்புக்கு என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றாள். அவர் உட்கார்ந்து, உண்மையை உடைத்துச் சொல்லிவிட்டு வந்த கதையைப் பெருமையாகச் சொன்னார். இனி எல்லா ஞாயிற்றுக்கிழமையும் வீட்டில்தான் என்றார். சொன்ன கையோடு, கொஞ்சம் காப்பி கிடைக்குமா என்றும் கேட்டார்.

அவள் உடனே எழுந்துவிடவில்லை. மேலே பார்த்தபடியே சொன்னாள்.

"வாரத்துல ஒரு நாளாச்சும் உங்கள எங்கியாச்சும் இழுத்துக்கினு போங்கன்னு, முசியே வூட்டுக்கு நடையா நடந்து நான் வாங்கின லீவுங்க இது."