உயிலுக்கு எடுத்துப் போன தாம்பூலத் தட்டு

கண்ணைத் திறந்துகொண்டே கனவு காண்பவள் நான். ஒத்துக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. தறியில் உட்கார்ந்தால் கை அது பாட்டுக்கு நாடாவைத் தள்ளும், மனசு எங்கேயோ போய்விடும். திரும்பி வரும்போது முந்தானை முடிந்திருக்கும். புடவைக்கு அது நல்லது. வக்கீல் வீட்டுக்கு ஆகாது. (இதைத் தெரிந்துகொள்ள நான் திருப்பதி வரை பஸ் ஏற வேண்டியிருந்தது.)

எழுபதுகளின் நடுவில் நடந்தது. நகரியில் எனக்கு ஓர் ஓட்டு வீடு, மூன்று தறி. வீடு என் நைனா என் பேருக்கு எழுதிக் கொடுத்தது. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. ஆண் பிள்ளை இல்லை. கமலா ஒரே மகள். அதனால் அவருக்குக் கொள்ளி வைத்தது என் கொழுந்தனாரின் மகன். வருஷத் திதியன்று, நான் பரிமாறிய வடையைக் கடித்துக்கொண்டே கொழுந்தனார் சொன்னார்:

"அண்ணிக்கும் என் பையன்தான கொள்ளி வெக்கணும்? கொள்ளி வெக்கிறவனுக்குத்தான் வூடு. கமலா கட்டிக்கினு போற எடத்துல பொழச்சிக்கும்."

சட்டம் என்ன சொல்கிறது என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. ஆனால் அவர் சத்தமாகச் சொன்னார். சத்தமாகச் சொன்னால் எதுவும் சட்டம் மாதிரிதான் இருக்கிறது. நாளைக்கு நான் போய்விட்டால் என் பெண் தெருவில் நிற்பாளா? அன்றே முடிவு செய்தேன், உயில் எழுதிவிடுவதென்று.

உள்ளூரில் எழுதினால் மை காய்வதற்குள் கொழுந்தனார் காதுக்குப் போய்விடும். நூல் கடைக்காரர்தான் வழி சொன்னார். "திருப்பதியில நம்ம ஜனத்துப் பையன் ஒருத்தர் வக்கீலா இருக்காரு. தாமோதரம்னு பேரு. நேரா வூட்டுக்கே போம்மா."

தறியில் புதுப் பாவு ஓட்டினாலும் சரி, வீட்டுக்குக் கடக்கால் போட்டாலும் சரி, எங்கள் தறிக்காரர்கள் ஒருவர் வீட்டுக்கு வெறுங்கையோடு போக மாட்டார்கள். பித்தளைத் தட்டில் வெற்றிலை பாக்கு, மஞ்சள், பழம், பூ வைத்தேன். வக்கீல் பெண்டாட்டிக்கென்று நான் நெய்த மாம்பழக் கலர் புடவையை மேலே மடித்து வைத்தேன். (வக்கீலுக்குப் பெண்டாட்டி இருக்கிறாளா என்று யாரைக் கேட்டேன்? கறுப்புக் கோட்டோடு அவளும் சேர்ந்தே வருவாள் என்று நினைப்பு.) தெலுங்கு போர்டு படிக்கக் கமலாவையும் கூட்டிக்கொண்டேன். எனக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான். நல்ல காரியத்துக்குப் போகிறோமே என்று அவள் தலை நிறையக் கனகாம்பரமும் வைத்துவிட்டேன்.

பஸ் வடமாலபேட்டை தாண்டியதும் மலை நீலமாகக் கூடவே நடந்து வந்தது. காற்றில் எனக்குக் கண் செருகியது. என் உயில் தெரிந்தது. வழவழவென்று பெரிய தாள், இரண்டு பக்கமும் சரிகைக் கரை, உடல் முழுக்க என் பெயர் புட்டா புட்டாவாக. கொழுந்தனார் அதைப் பார்த்துத் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்கிறார். அந்தத் துண்டும் நான் நெய்ததுதான்.

"அம்மா, எறங்கு" என்று கமலா உலுக்கினாள்.

கதவைத் திறந்தது வக்கீலின் அம்மா. தட்டைப் பார்த்தார், கமலாவின் பூவைப் பார்த்தார், முகம் மலர்ந்துவிட்டது.

"ரண்டி ரண்டி! உள்ள வாங்க! எங்கண்ணன் சொன்னாரு, இந்த வாரம் ஒரு எடத்துலருந்து வருவாங்கன்னு. பொண்ணையே கூட்டிக்கினு வந்துட்டீங்களா?"

நூல் கடைக்காரரைத்தான் அண்ணன் என்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். "பொண்ணு இல்லாம எப்படி? அவளுக்காகத்தான வந்ததே" என்றேன் பெருமையாக.

தட்டை வாங்கிச் சாமி படத்தின் முன் வைத்து விளக்கேற்றினார். ஊஞ்சலில் உட்கார்ந்து கோத்திரம் கேட்டார், கமலாவின் நட்சத்திரம் கேட்டார். உயில் எழுத நட்சத்திரமெல்லாம் பார்க்கிறார்களே, எவ்வளவு பொறுப்பான வக்கீல் வீடு என்று உருகிப்போனேன். ஊஞ்சல் போய்ப் போய் வந்தது. சாம்பிராணி வாசனையில் நானும் பாதி ஊஞ்சலில்தான் இருந்தேன்.

"பொண்ணுக்கு இன்னா செய்வீங்க?" என்றார்.

"வூடு அவளுக்குத்தான். மூணு தறியும் அவளுக்குத்தான். இந்தச் சங்கிலியும் அவளுக்குத்தான்."

"எம்மா பெரிய மனசு!" என்று என் காபியில் இன்னொரு கரண்டி சர்க்கரை போட்டார். கமலா என் தொடையைக் கிள்ளினாள். தண்ணீர் கேட்கிறாள் என்று நினைத்தேன்.

வக்கீல் வீட்டில் தெளிவாகப் பேச வேண்டுமல்லவா? "ஆனா ஒண்ணு. எல்லாம் நான் செத்த பொறவுதான். அதுவரிக்கும் ஒரு ஆணிகூடப் பேர வுடமாட்டேன்."

ஊஞ்சல் நின்றது.

"இது எந்த ஊரு வழக்கம்மா?"

"எல்லா ஊருலயும் இதான வழக்கம்?"

அந்த நேரம் பார்த்து வக்கீல் கோட்டைக் கையில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார். நான் எழுந்து கும்பிட்டேன். "ஐயா, எனக்கு ஒடம்பு முன்ன மாதிரி இல்ல. எப்ப போவேன்னு தெரியாது. இன்னிக்கே முடிச்சிக் குடுத்துடுங்க!"

"இன்னிக்கேவா?" அவர் பயந்துபோய் அம்மாவைப் பார்த்தார்.

கமலாவுக்குப் பொறுக்கவில்லை. "அம்மா! அவங்க கல்யாணம் பேசிக்கினு இருக்காங்க! உயிலு இல்ல!"

காபி நுரைக்குள் இறங்கிக் கதவைச் சாத்திக்கொள்ள முடியுமானால் அன்று நான் இறங்கியிருப்பேன். பிறகு எப்படியோ விஷயத்தைச் சொன்னேன், கொழுந்தனார் வடை கடித்தது வரைக்கும். வக்கீல் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகச் சொன்னார்.

"வூடு உங்க பேர்ல இருக்குது. ஒரே பொண்ணு. நீங்க எழுதாம வுட்டாக்கூட அது அவங்களுக்குத்தாம்மா. கொள்ளிக்கும் வூட்டுக்கும் சம்பந்தமே இல்ல. எழுதி வெச்சா வம்பு வராது, அவ்ளோதான்."

நான் அழுதுவிட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தட்டைக் குடுத்துடுங்கம்மா, தப்பா நெனச்சிக்காதீங்க" என்றேன்.

அவர் அம்மா கமலாவையே பார்த்துக்கொண்டிருந்தார். "சாமி முன்னாடி வெளக்கேத்தி வெச்ச தட்டைத் திருப்பிக் குடுக்கிற வழக்கம் எங்க வூட்ல இல்ல."

திரும்பும் பஸ் பாதி தூரம் வந்திருக்கும். கமலா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "அவரு சட்டத்தை நல்லா புரியற மாதிரி சொன்னாரு இல்லம்மா?"

தை மாதம் கல்யாணம். மறுவீடு முடிந்ததும் மருமகனிடம் உயில் பேச்சை எடுத்தேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அத்தே, இனிமே நான் எழுதக் கூடாது. மருமகனே எழுதி வாங்கிக்கினான்னு உங்க கொழுந்தனாரு கோர்ட்டுக்குப் போனா நான் இன்னா சொல்றது?"

மறுபடியும் வக்கீல் தேடினேன். சித்தூரில் ஒரு வயசான வக்கீல் அகப்பட்டார். எல்லாம் எழுதிக்கொண்டு, "பொண்ணோட வீட்டுக்காரர் என்ன பண்றாரு?" என்றார்.

"வக்கீலுங்க."

பேனாவைக் கீழே வைத்தார். "வீட்லயே வக்கீலை வெச்சுக்கினு இங்க எதுக்கும்மா வந்தீங்க?"

கதையைச் சொன்னேன். சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். உயில் பதிவானது. கொழுந்தனார் அதன்பின் திதிக்கு வருவார், வடை சாப்பிடுவார், வீட்டைப் பற்றி மட்டும் மூச்சு விடமாட்டார்.

மருமகனுக்கும் இப்போது தலை நரைத்துவிட்டது. வீட்டுக்கு யார் வந்தாலும் என்னைக் காட்டி இன்னும் சொல்கிறார்: "இவங்கதான் என் மொதல் கட்சிக்காரங்க. கேஸு குடுக்கறேன்னு வந்தாங்க. பொண்ணைக் குடுத்துட்டு, கேஸைச் சித்தூருக்கு எடுத்துக்கினு போயிட்டாங்க."