செங்கோட்டையனைப் பார்க்க வந்தவர்

ஜீப்பை ஊருக்குள் கொண்டுவர வேண்டாம் என்று சென்னியம்மாள் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டாள். குழந்தைவேல் வேலை பார்த்த சேலத்து மனநல நிலையத்தின் பெயர் அந்த ஜீப்பின் இரண்டு பக்கமும் சிவப்பில் கொட்டை கொட்டையாக எழுதியிருந்தது.

"எம்மவ சௌந்திரத்துக்கு மாப்பிள்ளை பாத்துட்டு இருக்கறமுங்க தம்பி. இந்த வண்டி வாசல்ல நின்னா, அப்பறம் எவன் வந்து பொண்ணுக் கேப்பான்?"

நியாயமான கேள்விதான். குழந்தைவேலுக்கு அந்த நிலையத்தில் இளைஞர் நலப் பணியாளர் என்று உத்தியோகம். மனசு சரியில்லாத வாலிபப் பிள்ளைகளை வீடு தேடிப் போய்ப் பார்த்து, பேசிப் பழகி, டாக்டரிடம் அழைத்து வரவேண்டும். எண்பத்திரண்டில் சேர்ந்தவன், இதுவரை ஒருவரைக்கூட அழைத்து வந்தபாடில்லை. மிச்சமிருந்த நம்பிக்கை சென்னியம்மாளின் மகன் செங்கோட்டையன்தான். பாலிடெக்னிக்கில் தேறாமல் ஊருக்கு வந்தவன், அன்றிலிருந்து வாயைத் திறக்கவில்லை. களத்து மேட்டில் உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டே இருந்தான்.

மாசிக்குள் சரியாகாவிட்டால் மலையோரத்துக் கோயில் ஒன்றில் கொண்டுபோய்ச் சங்கிலியில் கட்டிவிடுவதாக அவன் தாய்மாமன் காளியண்ணன் சொல்லியிருந்தார். சொன்னால் செய்கிற மனுஷர். அந்தச் சங்கிலியை நினைத்தால் குழந்தைவேலுக்குச் சோறு இறங்கவில்லை.

ஆகவே ஜீப்பைக் கைவிட்டான். புதுச்சத்திரத்தில் பஸ்ஸை விட்டிறங்கி வெயிலில் நடந்து, கூடப் படித்த சிநேகிதன் என்று சொல்லிக்கொண்டு வாராவாரம் வந்தான். மேட்டூர் அணையில் தண்ணீர் வந்தது, ராசிபுரத்தில் தனக்குப் பெண் நிச்சயமானது, நிலையத்துக்கு எந்தப் பஸ் ஏறி எங்கே இறங்கவேண்டும் என்பது, எல்லாவற்றையும் சொன்னான். நகைச்சுவையும் சொன்னான். எதிராளி சிரிக்காததால் அதற்கும் அவனே சிரித்துக்கொண்டான்.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அக்கம்பக்கத்தார் பார்த்தார்கள். ஒருவன் பேசாமல் தன் வேலையைப் பார்க்கிறான். இன்னொருவன் தனியாகப் பேசித் தனியாகச் சிரிக்கிறான். யாருக்குச் சரியில்லை என்று முடிவு செய்ய அவர்களுக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை.

டாக்டரிடம் கெஞ்சிக் கூத்தாடி மாத்திரை வாங்கி வந்தான். மகனுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று சென்னியம்மாள் கையால்கூடத் தொடவில்லை. ஒன்றும் ஆகாது என்று காட்டுவதற்காகக் குழந்தைவேல் அவள் கண்ணெதிரே ஒன்றை விழுங்கினான். ஆயிற்று. வாசலில் கிடந்த கயிற்றுக் கட்டிலில் மல்லாந்தவன் பொழுது சாயும்வரை எழுந்திருக்கவில்லை. ஊர் கூடி அவன் உச்சந்தலையில் எலுமிச்சம்பழம் தேய்த்தது.

அந்த நேரம் பார்த்து சௌந்திரத்தைப் பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள். கட்டிலில் கிடப்பது யார் என்று கேட்டார்கள். சென்னியம்மாளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"எம்பையங்கூடப் படிச்ச பையனுங்க. கொஞ்சம் மூளைக்குச் சரியில்லை. எம்பையன்தான் பாவம், கூட உக்காந்து பாத்துக்கறான்."

செங்கோட்டையனின் நல்ல குணம் அவர்களுக்குப் பிடித்துப்போய், தட்டு மாற்றிவிட்டுத்தான் போனார்கள். கண்விழித்த குழந்தைவேலிடம் சென்னியம்மாள் அழுதுகொண்டே விஷயத்தைச் சொல்லி, கல்யாணம் முடியும்வரை அப்படியே இருந்துகொள்ளச் சொன்னாள். ஒரு பெண்ணின் வாழ்க்கையாயிற்றே என்று அவனும் தலையாட்டித் தொலைத்தான்.

மாப்பிள்ளை வீட்டாருக்கு ராசிபுரத்தில் ஜவுளி வியாபாரம் இருந்தது. பேச்சு அங்கே தறிக்குத் தறி தாவி, குழந்தைவேலின் வருங்கால மாமனார் காதுக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் சத்தம் போடவில்லை. நிச்சயப் புடவையைத் திருப்பி அனுப்பிவிட்டார். அவனைப் பெற்றவளே அவன் முகத்தைப் பார்த்துப் பேசாமல், சாப்பிட்டாயா தூங்கினாயா என்று மெதுவாக விசாரிக்க ஆரம்பித்தாள். அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

மாசி பிறந்தது. வேலையை விட்டுவிடுவதென்று தீர்மானித்து, சென்னியம்மாள் வீட்டில் சொல்லிக்கொள்ளப் போனான். வாசலில் காளியண்ணன் வாடகைக் காரோடு நின்றார். பின்சீட்டில் சங்கிலி கிடந்தது. இன்னும் ஒரு வாரம் பொறுக்கச் சொல்லிக் கேட்டான். அவர் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ மொதல்ல உன்ற ஊட்டுக்குப் போ சாமி. உன்னையத் தேடப் போறாங்க."

குழந்தைவேல் களத்து மேட்டில் செங்கோட்டையன் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். இந்தத் தடவை பேச ஒன்றும் இல்லை. தன் கல்யாணமும் போயிற்று, இந்தப் பிள்ளையும் போகப்போகிறான். முகத்தைப் பொத்திக்கொண்டு ஓவென்று அழுதான்.

செங்கோட்டையன் கடலையைக் கீழே போட்டான். எழுந்து அவன் கையைப் பிடித்தான். காளியண்ணனைத் தாண்டி, காரைத் தாண்டி, தார் ரோடுவரை நடத்திக்கொண்டு போய்ச் சேலம் பஸ்ஸில் ஏற்றி, ஜன்னலோரம் உட்காரவைத்தான். குழந்தைவேலுக்கு விக்கல் நிற்கவில்லை. எங்கே போகிறோம் என்பதே நிலையத்து வாசலில் இறங்கியபிறகுதான் தெரிந்தது.

சீட்டு எழுதும் இடத்தில் புதிதாக வேலைக்கு வந்த ஆள் இருந்தார். கண் வீங்கி நின்ற குழந்தைவேலின் பெயரை எழுதிக்கொண்டு, கூட வந்தது யார் என்று கேட்டார்.

"நானுங்க," என்றான் செங்கோட்டையன். "வாராவாரம் எங்கூட்டுக்கு வந்து ஒண்டியாப் பேசிட்டே இருப்பாருங்க. மனசுல இருக்கறதையெல்லாம் கொட்டட்டும்னுதான் நானும் இத்தனை நாளாக் குறுக்க பேசாம இருந்தேன்."