முதல் கையெழுத்து

"நான் உயிரோடு இருக்கும்வரை இந்த ஊருக்குள் ஒரு கம்ப்யூட்டரும் நுழையாது" என்று துண்டறிக்கை வெளியிட்டேன். நானூறு பிரதி. மறுநாள் காலை ஒரு டிராக்டர் டிரெய்லரில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் கைக்குழந்தைகளைப் போலப் படுக்கவைத்து, நான்கு கம்ப்யூட்டர்கள் வந்து சேர்ந்தன. நான் உயிரோடுதான் இருந்தேன். "தலைவரே, கொஞ்சம் ஓரமா நில்லுங்க, வண்டியைத் திருப்பணும்" என்றார் டிரைவர். நின்றேன்.

தலைவர் என்பது விவசாயிகள் சங்கத் தலைவர். நாற்பது ஆண்டுகளாக நான்தான். வேறு யாரும் கேட்கவில்லை.

எனக்குக் கம்ப்யூட்டர்மேல் கோபம் இல்லை. வரிசைமேல்தான் கோபம். பத்தொன்பது ஆண்டுகளாக நாங்கள் கேட்டது வாய்க்கால் மதகு. துருப்பிடித்த அந்தப் பலகை பாதிக்குமேல் எழும்பாது. கடைசி வயலுக்குத் தண்ணீர் போய்ச் சேர்வதற்குள் பயிருக்கு வயதாகிவிடும். முப்பத்தொரு மனு கொடுத்தோம். ஏழு ஊர்வலம் போனோம். இரண்டு முறை சிறையில் இருந்தேன். மதகு வரவில்லை, மவுஸ் வந்தது. இதையே கோஷமாக எழுதினேன். நல்ல கோஷம். திருப்பிச் சொல்லத்தான் ஆள் கிடைக்கவில்லை.

பழைய விதைக்கிடங்குக்கு வெள்ளையடித்து அதில் கம்ப்யூட்டர் நிலையம் திறந்தார்கள். வாசலில் மறியல் அறிவித்தேன். செயற்குழு முழுவதும் திரண்டது. அதாவது நானும் பொருளாளரும். பொருளாளருக்குப் பிழைப்பு பம்புசெட் ரிப்பேர். ஊரே வந்தது. எங்களுக்கு மரியாதையாக வணக்கம் வைத்துவிட்டு உள்ளே போனது. வெங்காயம் போட்டவர்களெல்லாம் சந்தையில் என்ன விலை என்று பார்த்துவிட்டு, வியாபாரியைப் பார்த்துச் சிரிக்கும் ஒரு புதுச் சிரிப்போடு வெளியே வந்தார்கள். ஒருவர் என் தோளைத் தொட்டு, "தலைவரே, இங்கதானே நிப்பீங்க? சைக்கிளுக்குப் பூட்டு இல்ல. ஒரு கண்ணு பாத்துக்கங்க" என்றார். மூன்றாம் நாள் நான் பதினொரு சைக்கிளுக்குக் காவல். நான்காம் நாள், "எதிரி உள்ளே என்ன பண்றான்னு பாத்துட்டு வரேன்" என்று போன பொருளாளர், வழக்கொழிந்த பம்பு ஒன்றுக்கு வாஷர் எங்கே கிடைக்கும் என்று தெரிந்துகொண்டு, முகம் மலர வெளியே வந்தார். மறியலை ஒத்திவைத்தேன்.

"இன்னைக்கு எத்தனை சைக்கிள்?" என்றாள் மனைவி.

"கேலி பண்ணாதே. இது கொள்கை."

"கொள்கைதான். யாரு இல்லேன்னா? ஸ்டாண்டு போட்டு நிக்குது."

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் எழுத்து மறுநாள் எனக்கே விளங்காது. முப்பது ஆண்டுகளாக என் மனுக்களைப் படியெடுத்துத் தருபவள் அவள்தான். குண்டு குண்டாக, கோடு போட்டது போல எழுதுவாள். நான் மூன்று பக்கம் எழுதினால் அவள் கையில் அது ஒரு பக்கமாகிவிடும். "மிச்சம் எங்கே?" என்றால், "அது திட்டு. மனு இல்ல" என்பாள். கீழே கையெழுத்துப் போடுவது மட்டும் என் வேலை. படித்துப் பார்ப்பதில்லை. என் கருத்தை நானே எதற்குப் படிக்க வேண்டும்?

சங்கத்தில் ஒரு வழக்கமும் உண்டு. முதலில் கையெழுத்து, பிறகுதான் கோரிக்கை. அறுவடை முடிந்து ஆட்கள் ஊரில் ஓய்ந்திருக்கும்போதே, மேலே பாதிப் பக்கம் காலியாக விட்டு, வரிசையாகக் கையெழுத்து வாங்கிவிடுவோம். வாசகத்தைச் செயற்குழு கூடி முடிவு செய்யும். கடைசியாக வாங்கிய முந்நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து இரண்டு ஆண்டுகளாகப் பரணில் கிடந்தது. முதல் கையெழுத்து என்னுடையது. மேலே 'கோருகிறோம்' என்று எழுதுவதா, 'வலியுறுத்துகிறோம்' என்று எழுதுவதா என்பதில் செயற்குழு சரிபாதியாகப் பிளந்து நின்றது.

இவ்வளவும் வெளியே சொல்லக்கூடிய கதை. சொல்லாத கதை ஒன்று இருக்கிறது.

எங்களுக்கு ஒரே மகள். ஆறு ஆண்டுகளுக்கு முன் ஆஸ்பத்திரி லேபில் வேலை கிடைத்துக் கடல் தாண்டிப் போனாள். பஸ் ஏறும்போது, "மண்ணைக் கைவிட்டுப் போகிறவர்களோடு எனக்குப் பேச்சு இல்லை" என்றேன். அவள் ஜன்னல் வழியாகச் சொன்னாள்: "இது உங்க நோட்டீஸ்ல ரெண்டாவது பாரா. உங்களுக்கு என்ன தோணுதோ அதைச் சொல்லுங்கப்பா." மணிக்கணக்கில் மைக் பிடித்தவன் நான். ஒரு சொல் வரவில்லை. பஸ் போய்விட்டது.

மாதம் ஒரு கடிதம் வரும், அம்மா பெயருக்கு. மனைவி படித்துவிட்டு அரிசி டின்னுக்கு அடியில் வைப்பாள். அவள் பால் ஊற்றப் போகும் நேரத்தில் நான் எடுத்துப் படித்துவிட்டு, மடிப்புக் கலையாமல் திரும்ப வைப்பேன். ஒவ்வொன்றிலும் கடைசி வரி, 'அப்பா சாப்பிடுகிறாரா?' அந்த ஒரு வரியை நாலைந்து தடவை படிப்பேன். அவ்வளவுதான் எனக்கு வரும் தபால்.

கம்ப்யூட்டர் நிலையம் திறந்த அடுத்த மாதம் கடிதம் நின்றது. அதற்கடுத்த மாதமும் இல்லை. நான்காவது மாதம் அரிசி டின்னைத் தூக்கித் தூக்கி எனக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. வாய்விட்டுக் கேட்க முடியுமா? பேச்சு இல்லை என்று அறிவித்தவன் நான். சுற்றி வளைத்தேன்.

"அந்தத் தபால்காரர் உயிரோடதான் இருக்காரா?"

"ஏன்? நேத்துகூடப் பாத்தேனே. கல்லு மாதிரி இருக்காரு."

"இல்ல, தபால் துறை நலிஞ்சுகிட்டே வருதுன்னு கேள்வி."

"அப்படியா? கண்டிச்சு ஒரு நோட்டீஸ் போடுங்களேன்."

அவள் முகத்தில் மட்டும் ஒரு தெளிச்சி. வியாழக்கிழமைதோறும் தலை வாரிக்கொண்டு, பால் சங்கத்தில் கூட்டம் என்று போய்விட்டு வருவாள். வந்ததும் ஏதாவது முணுமுணுத்துப் பாடுவாள். பால் சங்கத்தில் பாடும் அளவுக்கு என்ன நடக்கிறது என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. மகள் என்னை மறந்தாள் என்பதை ஒத்துக்கொள்ளலாம். பெற்ற அம்மாவையுமா மறந்துவிட்டாள் என்று அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வியாழக்கிழமை சோறு போடும்போது சொன்னாள்: "அந்தக் கம்ப்யூட்டர் இருக்கிற இடத்துல வெளிநாட்டுல இருக்கிறவங்க முகம்கூடத் தெரியுதாம்."

"ஏமாத்து வேலை."

"இருக்கும். எப்பப் பாரு கூட்டமாம். ஞாயித்துக்கிழமை ரெண்டு மணிக்கு மட்டும் ஈ காக்கா இருக்காதாம்."

எதிரி முகாமிலிருந்து உளவுச் செய்தி தட்டில் வந்து விழுந்தது. அன்றைக்கே திட்டம் போட்டேன். ஞாயிறு மதியம் தனியாக உள்ளே நுழைய வேண்டும். கேட்டால் ஆய்வு என்று சொல்ல வேண்டும். யாருக்கும் தெரியாமல் மகள் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். அவளிடம் சொல்ல ஏழு அம்சம் எழுதிக்கொண்டேன். சனிக்கிழமை மனைவி என் வெள்ளைச் சட்டையை, நான் கேட்காமலே, இஸ்திரி போட்டு வைத்தாள். அதிர்ஷ்டமும் நம் பக்கம் என்று நினைத்தேன்.

"பொருளாளர் வீட்டுக்குப் போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு, வாய்க்கால் கரையைச் சுற்றி, கிடங்கின் பின்பக்கமாகப் போனேன். நிலையத்துக்குப் பொறுப்பு எங்கள் ஊர்த் தையல்கார அம்மா. இரண்டு மாதம் பயிற்சிக்குப் போய்வந்தவர். கழுத்தில் அளவெடுக்கும் டேப் தொங்கியபடியே இருந்தது.

"வாங்க தலைவரே. தண்ணி தரட்டுமா?"

"தண்ணி குடிக்க வரல. ஆய்வு பண்ண வந்திருக்கேன்."

"தாராளமா. இந்த ரிஜிஸ்டர்ல ஒரு கையெழுத்து."

"இந்த இடத்துல என் கையெழுத்து விழாது!"

"அதான் ஏற்கெனவே விழுந்திருக்கே" என்று சுவரைக் காட்டினார்.

சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு மனு மாட்டியிருந்தது. இந்த நிலையத்தைக் கொண்டுவந்த மனு. மேலே, குண்டு குண்டாக, கோடு போட்டது போல மூன்றே வரி. 'எங்கள் ஊருக்குக் கம்ப்யூட்டர் வேண்டும். விளைந்ததற்கு விலை தெரிய வேண்டும். தூரத்தில் இருக்கும் பிள்ளைகளின் முகம் பார்க்க வேண்டும்.' கோரவும் இல்லை, வலியுறுத்தவும் இல்லை. கீழே முந்நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து. முதலில் என்னுடையது, வாலைச் சுழித்து, அடியில் இரண்டு கோடு போட்டு.

முப்பத்தொரு மனுவுக்குப் பதில் கிடையாது. முப்பத்திரண்டாவதுக்கு டிராக்டர் வந்திருக்கிறது.

நாற்காலியில் உட்கார்ந்தேன். கோபப்பட வேண்டும் என்று தெரிந்தது. ஆனால் கை சட்டைப் பையிலிருந்து மகளின் பழைய கவர் ஒன்றை எடுத்து நீட்டியது. "இந்த விலாசத்துல இருக்கிறவங்களை... ஆய்வுக்காகத்தான்..."

தையல்கார அம்மா கவரை வாங்கக்கூட இல்லை. எதையோ இரண்டு தட்டுத் தட்டினார். திரை விழித்துக்கொண்டது. மகள் இருந்தாள். அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது. தலை வாரி, பொட்டு வைத்து, எனக்காகவே காத்திருந்தவள் போல நேராக உட்கார்ந்திருந்தாள். கொஞ்சம் மெலிந்திருந்தாள். காதோரம் ஒரு நரை. என் மகளுக்கு நரை!

எழுந்து நின்றேன். தொண்டையைச் செருமினேன். "அன்பார்ந்த..." என்று ஆரம்பித்துவிட்டேன்.

"அப்பா, உக்காருங்க. உங்க சட்டைப் பை மட்டும்தான் தெரியுது."

உட்கார்ந்தேன்.

"கத்தாதீங்க. இது மைதானம் இல்ல. மெதுவாப் பேசினாலே கேக்கும்."

காகிதத்தைப் பிரித்தேன். முதலாவது அம்சம் என்று வாய் எடுத்தேன்.

"பேப்பரைக் கீழ வைங்கப்பா."

வைத்தேன். ஆறு ஆண்டு, ஏழு அம்சம், எல்லாம் மேசைமேல் கிடந்தது. என்ன தோன்றுகிறதோ அதைச் சொல்ல வேண்டும். பஸ் இன்னும் கிளம்பவில்லை.

"சாப்டியா?" என்றேன்.

அவள் கையால் வாயை மூடிக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று சொல்ல முடியவில்லை. திரையில் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. பிறகு என்னென்னவோ கேட்டாள். இடுப்பு வலி எப்படி இருக்கிறது என்றாள். அது அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கவும் எனக்குத் தோன்றவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் முன்னால் சாய்ந்து, குரலைத் தாழ்த்தி, "அப்பா, நீங்க எப்பவாவது..." என்றாள்.

அப்படியே நின்றுவிட்டாள். வாய் பாதி திறந்தபடி, கண் பாதி மூடியபடி.

"லைன் போயிடுச்சு தலைவரே. நாலு நிமிஷத்துக்குமேல எப்பவும் நிக்காது."

"வரும்."

"இன்னைக்கு இனி வராது."

"இருக்கேன். அவசரம் இல்ல."

முக்கால் மணி நேரம் இருந்தேன். எப்பவாவது என்ன? எப்பவாவது என்னை நினைத்தீர்களா? வரச்சொல்ல நினைத்தீர்களா? மன்னிப்புக் கேட்க நினைத்தீர்களா? எல்லாவற்றுக்கும் பதில் தயாராக இருந்தது. முதல் முறையாக, துண்டறிக்கையில் இல்லாத பதில். கேள்விதான் பாதியில் நின்றது.

வீட்டுக்குப் போனபோது மனைவி முற்றத்தில் வெங்காயம் காயவைத்துக்கொண்டிருந்தாள். கோபத்தை வழியிலேயே திரட்டிக்கொண்டு போயிருந்தேன்.

"மக்களோட கையெழுத்தைத் திருடியிருக்கே!"

"திருடல. முந்நூத்துப் பதினோரு பேர்கிட்ட வீடு வீடாப் போய்க் கேட்டுட்டுத்தான் மேல எழுதினேன்."

"முந்நூத்துப் பன்னெண்டு!"

"உங்களை மட்டும் கேக்கல."

"ஏன்?"

"கேட்டா செயற்குழுவைக் கூட்டுவீங்க."

வெங்காயத்தின் பக்கத்தில் உட்கார்ந்தேன். கண் கலங்குவதற்கு வசதியான இடம்.

"பொருளாளர் எப்படி இருக்காரு?" என்றாள்.

"கொஞ்சம் மெலிஞ்சிருக்கா" என்றேன்.

அவள் வெங்காயத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். நான்தான் தொண்டையைச் செருமினேன். "நிலையத்துல ஆய்வு பண்ணதுல ஒரு குறைபாடு தெரியுது. லைன் நாலு நிமிஷம்தான் நிக்குது. மக்கள் கஷ்டப்படறாங்க. கடுமையா ஒரு மனு போடணும்."

எழுந்து உள்ளே போனாள். அரிசி டின்னுக்கு அடியிலிருந்து ஒரு தாளை எடுத்து வந்தாள். படியெடுத்துத் தயாராக இருந்தது. இருநூற்றுச் சொச்சம் கையெழுத்து இருந்தது. முதல் இடம் மட்டும் காலி.

"போடுங்க. உங்களுது முதல்ல இருந்தாத்தான் பாக்க லட்சணமா இருக்கும்."

"இந்தத் தடவை படிச்சுட்டுத்தான் போடுவேன்."

"நல்லது. கண்ணாடி வேணுமா?"

படித்தேன். மூன்றே வரி. 'லைன் அடிக்கடி அறுகிறது. ஞாயிறு மதியம் ஆறு ஆண்டுக்குப் பிறகு மகளோடு பேச வந்த எங்கள் தலைவர், பாதிப் பேச்சில் லைன் அறுந்து, வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டு வீடு திரும்பினார். சரிசெய்து தர வேண்டும்.'

ஒரு சொல்லைக்கூட மாற்ற முடியவில்லை. வாலைச் சுழித்து, அடியில் இரண்டு கோடு போட்டு, முதல் கையெழுத்தை இட்டேன். அதன் பிறகுதான் கீழே மனைவி எழுதியிருந்த தேதி கண்ணில் பட்டது.

போன செவ்வாய்க்கிழமை.